பண்டேனஹள்ளி பல்லைக் காட்டிய நாள்

பண்டேனஹள்ளியில் யாருக்குச் சிரிப்பு வந்தாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். ஆம்பிளைக்குத் தோள் துண்டு, பொம்பிளைக்கு முந்தானை, பிள்ளைகளுக்கு வெறும் கை. வெளியூர்க்காரன் பார்த்தால் என்ன ஒரு அடக்கமான சனம் என்று நினைத்துக்கொள்வான். அடக்கமாவது மண்ணாவது! சண்டை என்று வந்தால் அந்த ஊர்ச் சத்தம் பாலக்கோடு வரைக்கும் கேட்கும். சங்கதி என்னவென்றால் பல். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் பல்லில் காவி ஏறியிருந்தது. சிலருக்கு மஞ்சள் கோடு, சிலருக்குப் பழுப்புத் திட்டு, சிலருக்கு முன்பல் இரண்டும் துருப்பிடித்த தகரம்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். களி தின்பதால் என்பார் ஒருவர். களி தின்னாத ஊர் அந்த ஜில்லாவில் எது என்று கேட்டால் பதில் வராது. அம்மன் குத்தம் என்பார் இன்னொருவர். கடைசியில், "எல்லாருக்கும் இருக்குது, வுடு" என்று முடிப்பார்கள். ஒருத்தனுக்கு வந்தால் நோய், ஊருக்கே வந்தால் வழக்கம். அப்படித்தான் அதுவும் வழக்கமாகிப் போயிருந்தது.

இந்த ஊருக்குத்தான் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து தீர்த்தம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் பல் அரிசி மாதிரி இருக்கும். கல்யாணப் பந்தலில் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது மாமியார் பெரியம்மாள் பதறிப்போய், "பல்ல மூடு, அல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அவள் என்னமோ குற்றம் செய்துவிட்டது போல. பத்து வருஷம் ஆகியும் ஊரில் அவளுக்கு 'தீர்த்தமலைக்காரி' என்றுதான் பேர். வெள்ளைப் பல்லை வைத்துக்கொண்டு மினுக்குகிறாள் என்று கிணற்றடியில் பேச்சு. அவள் புருசன் கோவிந்தன் மட்டும், "நீ சிரி, எவ என்ன சொன்னா என்ன" என்பான். அதையும் துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் சொல்வான்.

அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பூங்காவனம். பால்பல் விழுந்து அவளுக்குப் புதுப் பல் முளைத்தபோது தீர்த்தம்மாள் தினமும் காலையில் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். என் வயிற்றில் பிறந்தவள், என் பல்தான் வரும் என்று அடித்துச் சொன்னாள். வந்தது பண்டேனஹள்ளிப் பல். கோடு கோடாக, பழுப்பாக. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பூங்காவனம் எதற்கோ சிரித்தாள், சிரித்த உடனே கை வாய்க்குப் போனது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தீர்த்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பில் இருக்கும் சின்னவளுக்கு இப்போதுதான் பால்பல் எட்டிப் பார்க்கிறது. இவளும் இப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு வளரப்போகிறாளா என்று விடிய விடிய நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

தண்ணீர் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பண்டேனஹள்ளிக் கிணறு பாறையை வெட்டி ஆழத்துக்குப் போன கிணறு. பளிங்கு மாதிரி இருக்கும், குடிக்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாகம் அடங்காது. அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? "மலைத் தண்ணி குடிச்ச நாக்கு, அதுக்கு எங்கத் தண்ணி புடிக்கல" என்று மாமியார் முடித்துவிடுவாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாசம் சுகாதார இன்ஸ்பெக்டர் முகம்மது கவுஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கமான மனுசன். அம்மை குத்தவும், கொசு மருந்து அடிக்கவும் வருவார், வந்தால் எல்லா வீட்டிலும் மோர் உண்டு. அந்தத் தடவை சேலத்தில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வரும்போது ஒரு இங்கிலீஷ் வார்த்தையையும் கூடவே கொண்டுவந்திருந்தார். ப்ரிவலன்ஸ். புது மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் காட்டுவது போல அதை எடுத்து எடுத்துக் காட்டினார். டீக்கடையில் உட்கார்ந்து, "என்னங்க, உங்க டீயில தண்ணி ப்ரிவலன்ஸ் ஜாஸ்தியா இருக்குது" என்றார். நாய் குரைத்தால், "இந்தத் தெருவுல நாய் ப்ரிவலன்ஸ் அதிகம்" என்றார். நாய்க்குச் சரி, டீக்குச் சரியில்லை என்று சொல்ல அங்கே இங்கிலீஷ் படித்தவர் யார் இருந்தார்கள்? ஊர்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். நிலக்கடலையில் பூச்சி ப்ரிவலன்ஸ், மாமியார் வீட்டில் சண்டை ப்ரிவலன்ஸ் என்று வாய்க்கு வாய் அதுவே ஆனது. அர்த்தம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கவும் வெட்கம்.

கவுஸ் சொல்ல வந்த செய்தி இதுதான். மலையடிவாரத்து ஊற்றுக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீருக்குக் குழாய் போடப் போகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர் மூன்று. பணம் ஒரு ஊருக்குத்தான் இப்போது இருக்கிறது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து மூன்று ஊரிலும் பல்லைப் பார்ப்பார். "ப்ரிவலன்ஸப் பாத்துட்டு எந்த ஊருக்குன்னு சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை அல்லாரும் வூட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் கிருஷ்ணப்பன் சும்மா இருப்பாரா? அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. போன வருஷம் சுத்தமான கிராமத்துக்குப் பரிசு என்று அதிகாரிகள் வந்தபோது, பக்கத்து ஊர்க்காரன் மாட்டுக் கொட்டகைக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்து ஒரு ரேடியோப் பெட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த ரேடியோ சாயங்காலம் பாடுவது பண்டேனஹள்ளி வரைக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கிருஷ்ணப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போவார்.

"இந்தத் தடவ வுடக்கூடாதுப்பா. ஆபீசருங்க வந்தா நல்லதத்தான் காட்டணும். பல்லு வெளுப்பா இருக்கற ஊருக்குத்தான் குழாய் வரும். அல்லாரும் பல்லத் தேய்ங்க!" என்றார்.

ஊர் தேய்த்தது. செங்கல் பொடி, அடுப்புக் கரி, உப்பு, எலுமிச்சைத் தோல், சோறு வடித்த பானையின் சாம்பல் என்று எதையும் விடவில்லை. நான்கு நாளில் எல்லாருக்கும் ஈறு வீங்கியதுதான் மிச்சம். காவி அசையவே இல்லை. பிறகு கிருஷ்ணப்பன் இரண்டாவது யோசனைக்கு வந்தார். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களை எல்லாம் வரிசையில் முன்னால் நிறுத்துவது. சித்தேரி மலைக்காரி, சேலத்துக்காரி, அரூர்க்காரி என்று தேடிப் பிடித்தார்கள். காவி அதிகமாக இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை காட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். மீதிப் பேர் உதட்டைத் திறக்கக் கூடாது, கேட்டால் வாய்ப்புண் என்று சொல்லிவிட வேண்டும்.

"மொதல்ல நம்ம தீர்த்தமலைக்காரிய நிறுத்துங்க. அந்தப் புள்ள சிரிச்சாப் போதும், குழாய் நம்மளுது" என்றார் கிருஷ்ணப்பன்.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஊர் அவளை 'நம்ம' என்றது. தீர்த்தம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், குழாய் வந்தால் சின்னவள் தப்பித்தாள். அதற்காகச் சிரிக்கத்தானே சொல்கிறார்கள்? நாள் பூரா சிரிக்க அவள் தயார்.

பெரியம்மாளுக்கு மட்டும் வேறு கவலை. அவள் மகள் கண்ணம்மாளைப் பெண் பார்க்க அதே வெள்ளிக்கிழமை பென்னாகரம் ரோட்டுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "டாக்டரம்மா போனாத்தான் நீ வெளிய வரணும். வந்தவங்க முன்னாடியும் தலையக் குனிஞ்சே இரு. கேட்டதுக்கு ம்முனு சொல்லு, போதும்" என்று மகளை உள்ளறையில் வைத்துப் பூட்டாத குறையாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. டாக்டரம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பருத்திப் புடவையில் இருந்தார். கோயில் முன் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாக ஆரம்பித்தார். முதலில் தீர்த்தம்மாள். இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். டாக்டரம்மா பார்த்து, "ரொம்ப நல்ல பல்" என்றார். கிருஷ்ணப்பன் மீசையைத் தடவினார். அடுத்தது சித்தேரிக்காரி, அடுத்தது சேலத்துக்காரி. டாக்டரம்மா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கவுஸைப் பார்த்தார். கவுஸுக்கு வியர்த்தது.

தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போய் மோர் கலக்கிக்கொண்டு வந்தாள். சொம்பை வாங்கிய கவுஸ் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா, ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. எம் மானம் போவுது. இந்த ஊர்லதான் காவிப்பல்லு ப்ரிவலன்ஸ் ஜாஸ்தின்னு நானே எழுதிக் குடுத்து அவங்களக் கூட்டியாந்தேன். இங்க பாத்தா அல்லாருக்கும் முத்துப் பல்லா இருக்குது. குழாய் பக்கத்து ஊருக்குப் போயிரும்."

தீர்த்தம்மாளுக்குப் பகீரென்றது. "பல்லு வெள்ளையா இருந்தா குழாய் வராதுங்களா? அந்த ப்ரிவலன்ஸுன்னா என்னதாங்க?"

கவுஸுக்கு அவ்வளவு கவலையிலும் அதைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் கொஞ்சம் சந்தோஷம்தான். "அதாம்மா, ஒருத்தருக்கு எவ்ளோ மோசமா இருக்குதுங்கறது இல்ல. இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த சனத்துல நூத்துக்கு எத்தன பேருக்கு அது இருக்குதுங்கறது. அது எங்க அதிகமோ அங்கதான் தண்ணி கெட்டுக் கெடக்குதுன்னு அர்த்தம். புள்ளைங்களுக்குத் தாடைக்குள்ளயே பல்லு உருவாவுதில்ல, அப்பக் குடிக்கற தண்ணிதான் பல்லுல ஏறுது. முளைச்சப்பறம் செங்கல்லு போட்டுத் தேச்சாலும் போவாது."

தாடைக்குள்ளேயே! அவள் இடுப்பில் இருந்த சின்னவளைப் பார்த்தாள். அது மோர்ச் சொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இந்தச் சின்ன வாய்க்குள் இந்த நிமிஷம் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கெடுத்தது யார்? அவளேதான், ஈ என்று இளித்து, தன் பிள்ளைக்கு வர இருந்த தண்ணீரைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிட்டாள். பத்து வருஷமாக மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்ட பல்லின் மேல் அவளுக்கு முதல் தடவையாக ஆத்திரம் வந்தது.

நேராக டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, என்னைக் கணக்குல சேக்காதீங்க. இவங்களையும் சேக்காதீங்க. நாங்க அல்லாரும் இங்க வாழ வந்தவங்க. நான் வளந்தது தீர்த்தமலைத் தண்ணியில. காவி அதிகமா இருக்கற ஊருக்குத்தான் குழாய்னு தெரியாம, இந்தத் தண்ணியில வளந்தவங்க காட்டுலயும் வூட்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்காங்க."

கிருஷ்ணப்பன் குதித்து எழுந்தார். "ஊரக் காட்டிக் குடுக்கற பாத்தியா! பத்து வருஷமா இந்த ஊர்ச் சோத்தத் தின்னுட்டு, நான் இந்த ஊரே இல்லங்கற. என்ன இருந்தாலும் வந்தவ வந்தவதான்!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நேற்றுத்தான் 'நம்ம' என்றார்கள், அது இன்றைக்கு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேறு வந்து சேர்ந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டும் கையுமாகக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாள் அவர்களைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மருமகள் இடுப்பில் இருந்த பேத்தியைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, விருட்டென்று வீட்டுக்குள் போனாள். வரும்போது கண்ணம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாயத் தொறடி."

"அம்மா, அவங்க நிக்கறாங்க..."

"நிக்கட்டும். நாளைக்கு உனக்கும் புள்ள பொறக்காதா? தொற!"

கண்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். டாக்டரம்மா பார்த்தார். "ஆமாம். இது தண்ணியில கரைஞ்சிருக்கிற ப்ளோரைடு உப்பாலதான்" என்றார். பெரியம்மாள் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி, "பாத்துக்கங்க. இஷ்டம்னா பேசுவோம், இல்லன்னா காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள், ரோசத்தோடு.

மாப்பிள்ளைக்காரன் அதுவரைக்கும் வாயே திறக்காமல் நின்றவன். கண்ணம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனை எட்டிப் பார்த்தாள். அவனுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்த வாயில் வரிசையாகக் காவி. பண்டேனஹள்ளிக் காவியைவிட ஒரு பிடி தூக்கலாகவே இருந்தது. பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அவன் வீட்டிலும் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். கூட்டமே கொல்லென்று சிரித்தது. துண்டை எடுக்கவும் முந்தானையை எடுக்கவும் ஒருத்தருக்கும் நேரம் இல்லை. டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அந்த வாய்களையெல்லாம் பார்த்தார். கவுஸ், "ப்ரிவலன்ஸ், மேடம்! ப்ரிவலன்ஸ்!" என்று கூவினார்.

அதற்குப் பிறகு ஊரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. காட்டுக்குப் போனவர்களுக்கு ஆள் பறந்தது. மண்வெட்டியோடு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். "எம் பல்லப் பாருங்கம்மா, இவன் பல்லவிட மோசம்" என்று ஒருத்தன். "என்னுதுல ரெண்டு ஒடஞ்சே போச்சுங்க, ரெண்டு ஆளாப் போட்டுக்கங்க" என்று ஒரு கிழவர். ஒருத்தருக்கு எவ்வளவு மோசமானாலும் ஒரு தலைக்கு ஒரு கணக்குத்தான் என்று கவுஸ் தொண்டை கிழியக் கத்தினார். மாப்பிள்ளையும் போய் வரிசையில் நின்றுகொண்டான். அவனை வெளியூர் என்று கவுஸ் விலக்கிவிட்டார். கிருஷ்ணப்பன் கடைசி வரைக்கும் உர்ரென்று இருந்துவிட்டு, பிறகு தானும் வந்து வாயைத் திறந்தார். ஊரிலேயே அவருக்குத்தான் காவி அதிகம். அதனால்தான் வெற்றிலை போட்டு மறைத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

தீர்த்தம்மாள் ஒதுங்கி நின்றாள். அவளுக்குத்தான் வரிசையில் இடம் இல்லையே. டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார். "பத்து வருஷமா இந்தத் தண்ணிதானே குடிக்கிறீங்க? முட்டியை மடக்காம, குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க பார்க்கலாம்" என்றார்.

குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவள் குனிந்தாள். பாதி தூரத்தில் இடுப்பு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் எக்கினாள், "அம்மாடி" என்று முனகிக்கொண்டு நிமிர்ந்தாள். விடிந்தால் மாவாட்டும் வேலையில் வந்த பிடிப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"பல்லைக் கெடுக்கிறது சின்ன வயசுத் தண்ணி. எலும்பைக் கெடுக்க எந்த வயசுத் தண்ணியும் போதும். நல்ல தண்ணி குடிச்சா இந்தப் பிடிப்பு இதுக்கு மேல ஏறாது. பல் கணக்கில் நீங்க இல்லை. எலும்புக் கணக்கில் நீங்களும் இந்த ஊர்தான்" என்றார் டாக்டரம்மா.

பெரியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாய்யா தலைவரே? வந்தவளாம்ல, வந்தவ! எம் மருமவ எலும்பெல்லாம் இந்த ஊர்த் தண்ணிதான். இனிமே யாராவது அவள தீர்த்தமலைக்காரின்னு சொல்லிப் பாருங்க, காவிப் பல்லுகூட மிச்சம் இருக்காது!" வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீர்த்தம்மாள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

மறு வருஷம் தைக்குப் பிறகு குழாய் வந்தது. அதற்குள் கண்ணம்மாளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்குக் குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. கிருஷ்ணப்பன் மாலையும் கழுத்துமாக வந்து திறந்துவைத்தார். முதல் குடத்தை ஊர் தீர்த்தம்மாளுக்குத்தான் விட்டது. பூங்காவனம் சொம்பில் பிடித்துத் தங்கச்சி வாயில் வைத்தாள். சின்னவள் சிந்தியது பாதி, குடித்தது பாதி.

பூங்காவனம் தங்கச்சியின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, நான் குடிச்சா எனக்கும் வெள்ளையா மாறுமா?"

அந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தீர்த்தம்மாளுக்குத் தெரியும். பொய் சொல்ல மனசு வரவில்லை. "உனக்கு மாறாது சாமி. பாப்பாவுக்குத்தான் வெள்ளையா வரும். இனிமே பொறக்கற புள்ளைங்களுக்கும்."

பூங்காவனம் குழாயடியில் நின்றிருந்த தன் வகுப்புப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்க செட்டுதான் கடைசியா?"

"ஆமா சாமி. நீங்கதான் கடைசி."

"எங்களுக்கப்பறம் யாருக்கும் கெடையாதா?"

"யாருக்கும் கெடையாது."

அவ்வளவுதான், பெரிய பரிசு அடித்ததுபோல் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தங்கச்சிக்கு இன்னொரு சொம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளிடம் செய்தியைச் சொல்ல ஓடினாள்.